திட்டினவரே முன்மொழிய வேண்டும்

கிளப்பின் மேனேஜர் ஓடிப்போய்விட்டார் என்று ஊரில் பேச்சு. அது அபாண்டம். அவருக்கு ஓடத் தெரிந்திருந்தால் இந்த அணியில் அவரே ஆடியிருப்பார். நிதானமாக நடந்துதான் போனார். வரிசையாகத் தோற்றுக்கொண்டே வந்த சீசனில் ஒரு நாள் காலை, கையில் பெட்டியோடு ரொட்டிக்கடை வாசலில் நின்று, ஒரு பன் வாங்கித் தின்று, தண்ணீர் குடித்து, "சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். அணியைக் கெடுத்தது போகட்டும், போகிற போக்கில் பன்னையும் குறை சொல்லிவிட்டுப் போனதுதான் ரொட்டிக்காரருக்குப் பொறுக்கவில்லை.

ரொட்டிக்கடை என்று பெயரே தவிர அங்கே ரொட்டி விற்றது பாதி, வாய் விற்றது மீதி. முதல் ஈடு ரொட்டி விடியுமுன்பே ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். இரண்டாவது ஈடு வெயில் கடையின் இரும்புக் கதவைத் தொடும்போது வெளியே வரும். அதற்குக் காத்திருக்கிற சாக்கில் கால்பந்து ரசிகர்கள் எல்லாம் முன்பக்கத்து பெஞ்சில் வந்து ஒட்டிக்கொள்வார்கள். அன்றைக்கு மழை வேறு. ஈரக்குடைகளை மூலையில் சாய்த்துவிட்டு, அடுப்புச் சூட்டில் குளிர்காய்ந்தபடி அடுத்த மேனேஜரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"வெளியாள்தான் வேணும்," என்றார் பல் டாக்டர். "உள்ளூர் ஆள்னா கோல்கீப்பரோட அம்மா வந்து அழுதா மனசு இளகிடும். வெளியாளுக்கு யாரோட அம்மாவையும் தெரியாது."

"போனவரும் வெளியாள்தானே டாக்டர்," என்றார் பெயின்டர். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போக வேண்டியவர், மழையைச் சாக்கிட்டு உட்கார்ந்திருந்தார். "அவருக்கு அம்மாவையும் தெரியல, கோல்கீப்பரையும் தெரியல. பேரு தெரியாம எல்லாரையும் 'தம்பி, தம்பி'ன்னு கூப்பிட்டாரு. பின்னாடி நின்ன நாலு பேரும் ஒண்ணாத் திரும்பிப் பார்த்தாங்க. அப்படித்தானே ரெண்டு கோல் விழுந்துச்சு."

"ஆத்துக்கு அந்தப் பக்கத்து அணியில இருந்தாரே மீசைக்காரர், அவரைக் கேட்டா என்ன?" என்றார் நர்ஸம்மா. இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் வந்தவர். தூக்கத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம், மேனேஜரை வைத்துக்கொள்ள முடியாது என்பது அவர் கட்சி.

"அவரு தோத்தா அழுவாருங்க."

"அழட்டும். நமக்குப் பழக்கந்தானே."

ரிட்டயரான தபால்காரர் இதுவரை வாயைத் திறக்கவில்லை. ரசிகர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். ஒரு பன்னை நாலாகப் பிட்டு, நாலையும் பொறுமையாக முடித்தபின் சொன்னார்.

"எல்லாரும் எங்கெங்கயோ சுத்துறீங்க. ஆளு நாலு தெரு தள்ளி இருக்காரு."

எல்லார் கண்ணும் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மாவு பிசைந்துகொண்டிருந்த ரொட்டிக்காரர் முதுகின் மேல் போய் நின்றது. முதுகு திரும்பவில்லை. மாவு மட்டும் மேசையில் கொஞ்சம் பலமாக விழுந்தது.

நாலு தெரு தள்ளி இருந்தவர் அவருடைய கூடப்பிறந்த அண்ணன். அண்ணனும் தம்பியும் பேசி இருபது வருஷம் இருக்கும்.

அண்ணன் மேனேஜராக இருந்த காலம் ஒன்று உண்டு. பகலெல்லாம் லேத்துப் பட்டறையில் இரும்பு கடைவார். மாலையில் கடைக்குப் பின்பக்கத்து மைதானம். மழைக்காலத்தில் மைதானம் குளமாகிவிட்டால் பயிற்சி இந்த ரொட்டிக்கடைக்குள்ளேயே நடக்கும். தரை முழுக்க ரொட்டி அச்சுகளை நிறுத்தி வைத்து, அதுதான் எதிரணி என்பார். தகரம் சத்தம் போடாமல் பந்தைக் கொண்டுபோக வேண்டும். ஒரு அச்சு சாய்ந்தாலும் மறுபடி முதலிலிருந்து. முடிந்ததும் சூடான ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு எல்லாரும் மாவு மூட்டைகள் மேல் சாய்ந்து கிடப்பார்கள். பூட்ஸ்கள் எல்லாம் அடுப்பின் தலைமேல் காயும். அந்தக் காலத்து ரொட்டிக்கு ஒரு தனி வாசம் இருந்தது என்று இன்றைக்கும் பெரியவர்கள் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள். காரணம் அதுதான்.

அந்த ஆட்டங்களைப் பற்றிச் சொன்னால் நம்பாதவர்களும் இருக்கிறார்கள். மைதானத்தை ஒட்டி ரயில்பாதை. ஒரு தடவை பெயின்டர் அடித்த பந்து போய்க்கொண்டிருந்த சரக்கு ரயிலில் விழுந்து, ரயிலோடு போய்விட்டது. அடுத்த வாரம் அதே ரயில் திரும்பி வரும்போது வளைவில் ஒரு குலுக்குக் குலுக்க, பந்து உருண்டு மைதானத்துக்குள் விழுந்தது. தம்பி ஓடிப்போய் அதைத் தலையால் முட்டிக் கோலுக்குள் அனுப்பினார். இந்தக் கோலை எந்த வாரத்து ஆட்டத்தில் சேர்ப்பது என்று நடுவர் தலையைச் சொறிந்து பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று இரண்டிலும் சேர்த்துக்கொண்டார். நம்பாதவர்கள் அன்றைக்கு மைதானத்துக்கு வராதவர்கள். அவர்களோடு பேசிப் பயனில்லை.

அப்படி ஓடின தம்பியைத்தான் கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில் அண்ணன் பாதியில் வெளியே எடுத்தார். ஆளுக்கு ஒரு கோல். இன்னும் அரைமணி பாக்கி. கோட்டோரம் நின்று கையைச் சுழற்றி, வெளியே வா என்றார். உள்ளே போனவர் பெயின்டர். போன கொஞ்ச நேரத்தில் பெயின்டர் காலில் பட்டு ஒரு கோல் விழுந்தது. கிளப் தன் ஆயுளில் வாங்கின ஒரே கோப்பை அதுதான். தோற்றிருந்தாலாவது தம்பிக்கு ஆறியிருக்கும். ஜெயித்துத் தொலைத்தார்கள்.

ஊரே மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்க, தம்பி நேராகக் கடைக்கு வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மாவுத் தொட்டிக்குள் இறங்கி மிதித்தார். மறுநாள் ரொட்டி முழுக்க பூட்ஸ் ஆணித் தடம். வெற்றியின் ஞாபகமாக ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள். சில வீடுகளில் அது இன்னும் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. கெட்டுப்போகவில்லை என்கிறார்கள். அவ்வளவு கோபம் அதில் இருந்தது.

அன்றோடு பேச்சு நின்றது. அடுத்த வருஷம் அண்ணன் மேனேஜர் வேலையையும் விட்டார்.

இப்போது சங்கத்தின் சட்டத்தைச் சொல்ல வேண்டும். வேறெங்கும் இல்லாத சட்டம். மேனேஜரைத் தேர்ந்தெடுப்பது ரசிகர்கள்தான், கைதூக்கி. ஆனால் ஒருவரை முன்மொழிகிற உரிமை அவரை ஊரிலேயே அதிகம் திட்டினவருக்கு மட்டும்தான் உண்டு. முன்னொரு காலத்தில் சிநேகிதர்கள் கூடிப் புகழ்ந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவர் தன் சகலையைக் கோல்கீப்பராகப் போட்டார். சகலை கம்பத்தில் சாய்ந்து தூங்கினார். வலையில் பந்து விழுகிற சத்தத்துக்கு இடையிடையே கண்விழித்து "யாரு?" என்று கேட்டார். அன்று போட்ட சட்டம் இது. புகழ்கிறவன் வாயை நம்பாதே. திட்டினவன் எழுந்து, குறையெல்லாம் கூட்டத்தில் கொட்டிவிட்டு, கடைசியில் "இருந்தாலும் இவருதான் வேணும்" என்று சொன்னால்தான் செல்லும். திட்டில் சுருதி குறைந்தால் செல்லாது.

அண்ணனை அதிகம் திட்டினவர் யார் என்று ஊரில் யாரும் விசாரிக்க வேண்டியதில்லை.

"சாயங்காலம் கூட்டத்துக்குப் போறீங்களா?" என்று கேட்டாள் மனைவி. பெஞ்சு காலியாகிவிட்டிருந்தது. அச்சுகளுக்குள் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"போகாம?"

"போயி?"

"போயி உக்காருவேன்."

"உக்கார நம்ம வீட்லயே நாற்காலி இருக்கு."

ரொட்டிக்காரர் மாவை உருட்டி அச்சில் போட்டார். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் விழுந்தது. அவர் கை அப்படித் தவறுகிற கை இல்லை.

"நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து கேக்குறேன்," என்றாள். "பல் விளக்கும்போது திட்டு, சாப்பிடும்போது திட்டு. உங்க திட்டைக் கேட்டுத்தான் நான் கால்பந்தே கத்துக்கிட்டேன். இவ்வளவு நாள் சேத்து வச்சது ஒரு நல்ல காரியத்துக்கு ஆகட்டுமே."

"அவரு பாட்டுக்கு இருக்காரு, நான் பாட்டுக்கு இருக்கேன்."

"இருக்காரா? நாளைக்குக் காலைல வண்டி வருதாம். உங்க அண்ணி சொன்னாங்க. அவங்க பொண்ணு கூப்பிட்டுட்டாளாம், ரெண்டு பேரும் மொத்தமாப் போறாங்களாம். தெரியுமா தெரியாதா?"

ரொட்டிக்காரர் நீளத் துடுப்பை எடுத்து அச்சுகளை அடுப்புக்குள் தள்ளினார்.

பேச்சு நின்றதே தவிர ரொட்டி நிற்கவில்லை. தினமும் அவரே கொண்டுபோய் அண்ணன் வீட்டுச் சமையலறை வாசலில் அண்ணி கையில் கொடுப்பார். ரொட்டி வரும் நேரத்துக்கு அண்ணன் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவார். தம்பி தெரு திரும்பினபின்தான் வெளியே வருவார். ஊரிலேயே சுத்தமான மனுஷர் என்று அண்ணனுக்குப் பெயர் வந்தது இப்படித்தான்.

அன்று போனபோது சமையலறையில் ஒரே ஒரு பாத்திரம்தான் மிச்சம். மற்றதெல்லாம் கோணியில். மெத்தை சுருட்டிக் கிடந்தது. நடுக்கூடத்தில் இரும்புப் பெட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு இறுக்கியிருந்தது. சுவரில் படங்கள் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அண்ணி ரொட்டியை வாங்கிக்கொண்டாள். "நாளைலேர்ந்து வேணாம் தம்பி."

"அந்த ஊர்ல ரொட்டி கெடைக்குமா?"

"கெடைக்கும். உங்க ரொட்டி மாதிரிக் கல்லா இருக்காது."

"நீங்க போகணும்னு இருக்கீங்களா அண்ணி?"

"என்னை யாரு கேட்டா? இங்க எனக்கென்ன வேலைங்கறாரு. பட்டறையும் விட்டாச்சு. சாயங்காலம் ஆனா மைதானம் வரைக்கும் போயி, வேலிக்கு வெளிய நின்னு பாத்துட்டுத் திரும்பிடறாரு. உள்ள போகறதில்ல. கேட்டா முட்டி வலிங்கறாரு. முட்டிக்கும் வேலிக்கும் என்ன சம்பந்தம்?"

"கிளப்புல கூப்பிட்டா?"

"கூப்பிட்டா பெட்டியைக் கவுத்துப் போட்டுட்டு ஓடுவாரு. ஆனா நீங்கல்ல எந்திரிக்கணும்? நீங்க எந்திரிக்க மாட்டீங்கங்கற நம்பிக்கைலதான் உங்க அண்ணன் கயித்தை இந்த இறுக்கு இறுக்கியிருக்காரு."

உள்ளே குழாய் நின்றது. தம்பி இன்னும் வாசலில் நிற்பது தெரிந்ததோ என்னவோ, மறுபடியும் திறந்தது. வாளி எப்போதோ நிரம்பி வழிந்துகொண்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. மைதானத்தில் பார்வையாளர் படிக்கட்டின் தகரக் கூரையிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. ஊரே வந்திருந்தது. கடைசித் தூணுக்குப் பக்கத்தில் குடையை ஊன்றிக்கொண்டு அண்ணன் நின்றார். "போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு" என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

முதலில் பல் டாக்டர் ஒரு வெளியாளை முன்மொழிந்தார். முன்பின் பார்த்திராத ஆளைத் திட்ட அவருக்குச் சரக்குப் போதவில்லை. "வானொலியில பேசும்போது அவரு குரல் எரிச்சலா இருக்கும்" என்றார். அத்தோடு நின்றுவிட்டது. கூட்டம் இரக்கப்பட்டு ஏற்றுக்கொண்டது. அடுத்து நர்ஸம்மா மீசைக்காரருக்காக எழுந்தார். அந்த மீசைக்காரர் ஆடின காலத்தில் நர்ஸம்மாவின் தம்பி காலை ஒடித்தவர். கட்டுப் போட்டதே நர்ஸம்மாதான். எலும்பு எலும்பாகப் பெயர் சொல்லித் திட்டினார். கேட்டவர்களுக்கே கால் வலித்தது. "இருந்தாலும்" என்று அவர் முடித்தபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"வேற யாராவது?" என்றார் தபால்காரர். அவசரமில்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் மாட்டினார். "வேற யாரும்..."

ரொட்டிக்காரர் எழுந்தார்.

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. இருபது வருஷத்து ஊறுகாய், இன்றைக்குத்தான் ஜாடி திறக்கப்போகிறது. பெயின்டர் சிகரெட்டைப் பாதியிலேயே அணைத்தார்.

ரொட்டிக்காரர் வாயைத் திறந்தார். கயிறு கட்டின பெட்டியும் சுவரில் படம் இருந்த வெளுப்பும்தான் கண்ணுக்குள் வந்தன. திட்டு ஒன்றுகூட வரவில்லை.

"எங்க அண்ணன்," என்றார். "நல்ல மனுஷன்."

படிக்கட்டு முழுக்கச் சலசலப்பு.

"தம்பி, செல்லாது," என்றார் தபால்காரர் மெதுவாக.

"நேர்மையானவரு."

"அதுவும் புகழ்ச்சிதான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"கொஞ்சம் கோபக்காரரு."

"சரி, பக்கத்துல வர்றீங்க. ஆனா யாருதான் கோபக்காரரு இல்ல? நீங்க கடையில சொல்லுவீங்களே, அதை எடுத்து விடுங்களேன்."

"வர மாட்டேங்குது," என்றார் ரொட்டிக்காரர். அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நர்ஸம்மா, "அடப் பாவமே, நேத்துகூட எருமைன்னாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். தபால்காரர் சுற்றிலும் பார்த்துவிட்டு, மனசில்லாமல், "அப்போ ரெண்டு பேருக்கு நடுவுலதான் ஓட்டு" என்று ஆரம்பித்தார்.

"விடுங்க. அவனுக்கு வராது."

குரல் கடைசித் தூணிலிருந்து வந்தது.

"அன்னைக்கும் இப்படித்தான். பந்து காலுக்கு வந்ததும் நின்னு யோசிச்சான். அதான் வெளிய எடுத்தேன்."

ரொட்டிக்காரர் திரும்பினார்.

"யாரு நின்னா?" என்றார். "யாருய்யா நின்னா? ரெண்டு பேரைத் தாண்டி வந்து நிக்கறேன், கோலுக்கு முன்னாடி ஒரு காக்கா குருவி இல்ல. கோட்டோரத்துல இந்த மனுஷன் காத்தாடி சுத்தற மாதிரி கையைச் சுத்திக்கிட்டு நிக்கறாரு. பந்தைப் பாக்கறதா, இவரு கையைப் பாக்கறதா?"

"மூச்சு வாங்குச்சு உனக்கு."

"வாங்காது? கண்ணு இருக்குல்ல, என்னை எடுத்துட்டு யாரைப் போட்டாரு பாருங்க. இந்தப் பெயின்டரை. அது கோலா? முட்டியில பட்டுத் தெரியாம உள்ள போச்சு."

"முட்டி இல்ல, கணுக்கால்," என்றார் பெயின்டர். யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

"மூச்சு வாங்குச்சுடா," என்றார் அண்ணன். குடையை ஊன்றி ஊன்றி முன்னால் வந்துகொண்டிருந்தார். "முதல் பாதியிலயே உனக்குக் கால் தள்ளாடுச்சு. ராத்திரி பூரா மாவு பிசைஞ்சுட்டு வந்து நின்னே. எனக்குத் தெரியாதா?"

"தெரியுமா?" தம்பியின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "தெரிஞ்சுதான் இருந்துச்சா? பிசையாம என்ன பண்றது? விடிஞ்சா ஆஸ்பத்திரிக்கு ரொட்டி யாரு குடுக்கறது? அப்பா போனதும் கடையை என் தலையில வச்சுட்டு நீ லேத்துக்குப் போயிட்டே. ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி நீ எங்க இருந்தே? கடை மாடியில உக்காந்து சாக்பீஸால தரையில கோடு போட்டு, யாரு எங்க நிக்கணும்னு பாத்துக்கிட்டிருந்தே. ஒரு நாள், ஒரே ஒரு நாள், எறங்கி வந்து மாவுல கை வச்சிருந்தேன்னா நான் கடைசி வரைக்கும் ஆடியிருப்பேன்."

இவ்வளவு வருஷமாகத் திட்டினதில் இது ஒன்றை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. பல் விளக்கும்போதுகூடச் சொன்னதில்லை.

அண்ணன் குடையின் நுனியால் சேற்றைக் கிளறினார். "எறங்கி வந்திருக்கணும்," என்றார். "அது நெசந்தான்." பிறகு, விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடக் கூடாதே என்று, "ஆனா எடுத்தது சரி," என்றார்.

"எடுத்தது தப்பு."

"சரிடா."

"தப்புய்யா."

"தம்பி," என்றார் தபால்காரர். "திட்டு பிரமாதமா அமைஞ்சுபோச்சு. அந்தக் கடைசி வரியையும் சொல்லிட்டீங்கன்னா..."

"எந்த வரி?"

"இருந்தாலும்."

ரொட்டிக்காரர் அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். "இருந்தாலும் இவருதான் வேணும்," என்று கத்தினார். "வேற எவனையும் எனக்கு இப்படித் திட்டத் தெரியாது."

கைகள் உயர்ந்தன. பல் டாக்டர் கையும் நர்ஸம்மா கையும்கூட உயர்ந்தன. தபால்காரர் எண்ணி முடித்து, முடிவைச் சொல்ல இவர்களைத் தேடினால், இரண்டு பேரும் மைதானத்தின் நடுவில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார்கள். பந்து எந்த இடத்தில் காலுக்கு வந்தது என்பதில் தகராறு. தபால்காரர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே போய், "ஜெயிச்சாச்சு" என்றார். "இருங்க, இது முடியல" என்றார் தம்பி. ஒதுங்கி நிற்கச் சொன்னார் அண்ணன், அவர் நின்ற இடத்தில்தான் அன்றைக்குப் பந்து இருந்ததாம்.

நாலு தெருவும் சண்டை தொடர்ந்தது. முட்டி வலியை அண்ணனுக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூட, "வலது காலா?" "இடது காலு" என்று நடந்துகொண்டிருந்தது.

உள்ளே போனால் சமையலறையில் பாத்திரமெல்லாம் பழையபடி அடுக்கியிருந்தது. மெத்தை கட்டிலில் விரித்திருந்தது. இரும்புப் பெட்டி வாயைத் திறந்துகொண்டு காலியாகக் கிடந்தது. கயிற்றை அண்ணி கொடியாகக் கட்டி அதில் ஈரத்துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு வந்து சொன்னா?" என்றார் அண்ணன். "நாங்க நேரா மைதானத்துலேர்ந்துதானே வர்றோம்."

"யாரு சொல்லணும்? நாலு தெரு தள்ளிக் கேட்டுச்சே. முதல்ல உங்க குரல், அடுத்து தம்பி குரல். அப்பவே கயித்தை அவுத்துட்டேன்."

"ஓட்டு எண்றதுக்கு முன்னாடியேவா?"

அண்ணி ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

"ஓட்டா?" என்றாள். "எதுக்கு?"